படிப்பதற்கும் எரிபொருள் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "அரை மணி நேரம் பேசணும்ப்பா. கம்பெனிப் புராணம் மட்டும் வேண்டாம். போன தடவை பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போயிட்டாங்க" என்றார். குறியியலையும் தெர்மோடைனமிக்ஸையும் சேர்த்து வைத்து உயிரினப் பரிணாமத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடியே வெச்சுடறேன்" என்றார். பசியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

நான் இங்கே படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். வேலை பார்ப்பது ஒரு அனல் மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில். பயாலஜிக்கும் எனக்கும் இருந்த உறவு ப்ளஸ் டூவோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்து தொடங்குகிறேன்.

கன்ட்ரோல் ரூமில் நாங்கள் நாள் முழுக்க நம்பியிருப்பது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை ஓடும் ஒரு மின்னோட்டத்தை. பாய்லர் டிரம்மில் தண்ணீர் பாதி மட்டம் இருந்தால் 12 மில்லி ஆம்பியர் வரும். ஸ்டீம் டெம்பரேச்சர் அதன் அளவுகோலில் பாதியில் இருந்தாலும் அதே 12 தான். இந்த 12-க்கும் தண்ணீருக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாமாக அப்படி வைத்துக்கொண்டோம். இதற்கு முந்தைய தலைமுறை காற்றழுத்தத்தில் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. என்று வைத்திருந்தது, அவர்களுக்குப் பாதி என்றால் 9. சைபரைக்கூட நாங்கள் 4 மில்லி ஆம்பியர் என்றுதான் சொல்கிறோம். ஏனென்றால் ஒயர் அறுந்தால் 0 வரும். 'மட்டம் சைபர்' என்பது வேறு, 'செய்தியே வரவில்லை' என்பது வேறு இல்லீங்களா? அந்த வித்தியாசத்தைச் சொல்ல 4 மில்லி ஆம்பியரைச் சும்மாவே ஓட விடுகிறோம்.

இன்னொன்று. அந்த 12 மில்லி ஆம்பியர் வால்வைத் திறப்பதில்லை. அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. வால்வைத் திறப்பது கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று. சிக்னல் சொல்கிறது, காற்று செய்கிறது. கம்ப்ரஸர் மோட்டார் ஓட, எங்கோ நிலக்கரி எரிகிறது.

குறி என்பது ஒரு ஏற்பாடு. அந்தக் குறியைப் படித்து நடத்திக்காட்ட எரிபொருள் வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் பார்த்தால்தான் பரிணாமம் புரிகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

குறியியல் என்றதும் மிரள வேண்டாம். ஹாஸ்டலில் என் ரூம்மேட் சிறுபத்திரிகை படிக்கிறவன். தமிழவன் 1982-ல் எழுதிய 'ஸ்ட்ரக்சுரலிசம்' புத்தகம் அவன் தலையணைக்கு அடியிலேயே இருக்கும். சசூர், சசூர் என்று உயிரை வாங்குவான். சசூர் சுவிட்சர்லாந்துக்காரர், அவர் இறந்த பிறகு, மாணவர்களின் குறிப்புகளை வைத்து 1916-ல் அவர் பாடங்களைப் புத்தகமாக்கினார்கள். அவர் சொன்னதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். 'மரம்' என்ற ஒலிக்கும் வேப்பமரத்துக்கும் இயற்கையான ஒட்டு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் 'ட்ரீ' என்றாலும் வேம்பு கசக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் பர்ஸ் இன்னொரு படி போனார். குறி, அது சுட்டும் பொருள் என்று இரண்டோடு நிற்காமல், அந்தக் குறியால் படிப்பவரிடம் உண்டாகும் விளைவையும் மூன்றாவதாகச் சேர்த்தார். படிப்பவர் இல்லாமல் குறி இல்லை. பர்ஸ் நம்ம ஜாதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கக் கடற்கரை நில அளவைத் துறையில் சுமார் 30 ஆண்டுகள் பெண்டுலத்தை ஆட்டி ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தவர். அவரும் ஒரு இன்ஸ்ட்ருமென்ட் ஆசாமிதான்!

இனி தெர்மோடைனமிக்ஸ். டார்வின் புத்தகம் வெளிவந்தது 1859-ல். க்ளாசியஸ் என்ட்ரோபி என்ற சொல்லை உண்டாக்கியது 1865-ல். இரண்டும் அன்றிலிருந்தே சண்டைக்காரர்கள் மாதிரிப் பேசப்படுகின்றன. இரண்டாம் விதிப்படி எல்லாம் குலைந்துகொண்டே போகும். அப்படியிருக்கப் புழுவிலிருந்து மனிதன் எப்படி வந்தான் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். நம்ம தெர்மோ சார் இதற்கு வகுப்பிலேயே பதில் சொல்லிவிட்டார்: "கன்ட்ரோல் வால்யூமை ஒழுங்கா வரைப்பா, அப்புறம் பேசு." பூமி மூடிய பெட்டி அல்ல. சூரியனின் மேற்பரப்பு கிட்டத்தட்ட 5,800 கெல்வின். அங்கிருந்து வரும் ஒரு ஒளித்துகளுக்கு ஈடாக, பூமி சுமார் 20 அகச்சிவப்புத் துகள்களை விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. வந்த சக்தியும் போகும் சக்தியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வருவது நல்ல நோட்டு, போவது சில்லறை. இந்த நோட்டுக்கும் சில்லறைக்கும் நடுவில்தான் அத்தனை உயிர்களும் பிழைப்பு நடத்துகின்றன. போல்ட்ஸ்மன் 1886-லேயே வியன்னாவில் ஒரு சொற்பொழிவில் இதைச் சொல்லிவிட்டார்: உயிர்களின் போராட்டம் பொருளுக்காகவும் அல்ல, வெறும் சக்திக்காகவும் அல்ல, சூடான சூரியனிலிருந்து குளிர்ந்த பூமிக்குச் சக்தி இறங்கும்போது கிடைக்கும் அந்த என்ட்ரோபி வித்தியாசத்துக்காக.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அனுமதி மட்டும் போதுமா? அடுப்புத் தீயும் சக்தியைத் தின்று, ஒரு வடிவத்தோடு நிற்கிறது. புயலும் அப்படியே. இப்படிச் சக்தி பாய்வதால் தானாக எழும் ஒழுங்குகளை ஆராய்ந்த ப்ரிகோஜினுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான வேலைதான். இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை. ஒரு தீக்குச்சியிலிருந்து பற்றவைத்த நூறு விளக்குகளும் ஒரே மாதிரிதான் எரிகின்றன. எண்ணெயும் திரியும் எப்படியோ அப்படி. தாய்ச் சுடரின் குணம் எதுவும் பிள்ளைச் சுடருக்குப் போவதில்லை. புயலுக்குப் பெயர் வைக்கிறோமே தவிர, அதற்கு வம்சம் கிடையாது. வம்சம் இல்லாத இடத்தில் பரிணாமத்துக்கு வேலை இல்லை.

வம்சம் வேண்டுமென்றால் எழுத்து வேண்டும். ஷ்ரோடிங்கர் 1943-ல் டப்ளினில் ஆற்றிய உரைகள் மறு வருடம் 'உயிர் என்றால் என்ன?' என்ற சிறு புத்தகமாக வந்தன. ஒரே புத்தகத்தில் என்ட்ரோபியும் இருக்கிறது, மரபுச் செய்தி ஒரு சங்கேத எழுத்தாக இருக்க வேண்டும் என்ற யோசனையும் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தே கட்டட வரைபடமாகவும் கொத்தனாராகவும் இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். ப்ளூபிரின்ட்டைச் சுவரில் ஒட்டிவிட்டால் வீடு எழும்பிவிடுமா? இதைத் திருத்தமாகப் பார்த்தவர் வான் நாய்மன். 1948-ல் கலிபோர்னியாவில் ஒரு கருத்தரங்கில், தன்னைத்தானே செய்துகொள்ளும் இயந்திரம் பற்றிப் பேசினார். அதற்குள் ஒரு வர்ணனை நாடா இருக்க வேண்டும். அந்த நாடா இரண்டு விதமாகப் பயன்பட வேண்டும் என்றார். ஒரு சமயம் அதைப் படித்து, அதில் சொன்னபடி செய்ய வேண்டும். இன்னொரு சமயம் அர்த்தம் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து நகல் எடுக்க வேண்டும். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் தெரிய வந்ததே 1953-ல்தான். ஐந்து வருடம் முன்னால், ஒரு செல்லையும் தொடாமல், வெறும் தர்க்கத்தால் அந்த மனிதர் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

நகலில் பிழை விழலாம். பிழை விழுவது எழுத்தில். பரீட்சை நடப்பது அந்த எழுத்தைப் படித்துக் கட்டிய உடம்புக்கு. டார்வின் சொன்ன தேர்வு நடப்பது இந்த இடைவெளியில்தான்.

இப்போது முக்கியமான கேள்வி. செல்லுக்குள் நடப்பது நிஜமாகவே 'படிப்பு' தானா, அல்லது நாம் உவமைக்குச் சொல்கிறோமா? பூட்டில் சாவி பொருந்துவதைப் படிப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். காமாவ் என்ற பௌதிக விஞ்ஞானி 1954-ல் அப்படித்தான் ஊகித்தார்: டி.என்.ஏ.யில் வைர வடிவக் குழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு குழியிலும் ஒரு அமினோ அமிலம் அச்சாகப் பொருந்துகிறது என்று. அது சரியாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குப் பேச்சே இல்லை. எல்லாம் வெறும் பூட்டு சாவி. ஆனால் 1955-ல் க்ரிக், அமினோ அமிலம் நேரடியாக எழுத்தைத் தொடுவதே இல்லை, நடுவில் ஒரு அடாப்டர் இருக்க வேண்டும் என்று நண்பர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அடாப்டரின் ஒரு முனை மூன்றெழுத்துச் சொல்லைப் பார்க்கும், மறு முனை அமினோ அமிலத்தைப் பிடித்திருக்கும். அதுதான் இன்று நாம் டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ. என்று சொல்வது.

1961-ல் நிரன்பர்க்கும் மத்தாயும் 'யு யு யு' என்றால் ஃபினைல் அலனின் என்று முதல் சொல்லைப் படித்தார்கள். அகராதியின் மீதிப் பகுதியில் நம் கொரானாவுக்குப் பெரும் பங்கு. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் கிராமத்தில் பிறந்தவர், 1968-ல் நோபல் பெற்றார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. பாடப் புத்தகத்தில் அவ்வளவாக இல்லாத ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1962-ல் ஷாப்வில், லிப்மன், பென்சர் முதலானோர் செய்தது.

சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டால் அது அலனின் ஆகிவிடும். அவர்கள் சிஸ்டீனை அதற்குரிய அடாப்டரில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு, ரேனி நிக்கல் என்ற வினையூக்கியால் கந்தகத்தைக் கழற்றிவிட்டார்கள். (தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்துவதற்காக 1920-களில் மரே ரேனி என்ற மெக்கானிக்கல் என்ஜினியர் உண்டாக்கியது அது. மெக்கானிக்கல் பேட்ச் கைதட்டலாம்!) இப்போது அடாப்டரில் இருக்கும் சீட்டு 'சிஸ்டீன்' என்கிறது, உள்ளே இருக்கும் சரக்கு அலனின். இதை ரைபோசோமிடம் கொடுத்தார்கள். ரைபோசோம் என்ன செய்தது? சீட்டைப் பார்த்தது, சரக்கைப் பார்க்கவில்லை. சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனினைப் பேசாமல் கோத்துவிட்டது. 12 மில்லி ஆம்பியர் வந்தால் பாதி மட்டம் என்று நான் நம்புகிற மாதிரிதான் இதுவும். எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அடாப்டர் ஏற்றுமிடத்தில் இருக்கிறது. வேதியியல் விதியில் இல்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. பெரும்பாலான உயிர்களில் 'யு ஜி ஏ' என்றால் முற்றுப்புள்ளி. நம் உடம்பின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதே 'யு ஜி ஏ' டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. 1979-ல் தெரிய வந்தது. ஒரே செல்லுக்குள் இரண்டு பாஷை! சசூர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். உயிர்க் குறியியல் என்று ஒரு துறையே இன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஹோவர்ட் பட்டீ போன்ற பௌதிகக்காரர்கள் இதில் நிதானமாக யோசித்திருக்கிறார்கள். வேறு சிலரோ செல் 'புரிந்துகொள்கிறது', அணு 'விளக்கம் சொல்கிறது' என்றெல்லாம் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் வைத்திருக்கும் சோதனை சாதாரணமானது: உறவை மாற்றி வைத்தாலும் பௌதிக விதி எதுவும் மீறப்படாது, ஆனால் காரியம் கெட்டுப்போகும் என்றால் அங்கே குறி இருக்கிறது. அதற்கு மேல் செல்லுக்கு மனசு கொடுக்க வேண்டியதில்லை.

இயற்கை விதி காப்பாற்றாத ஒரு ஏற்பாட்டை யார் காப்பாற்றுவது? இங்கேதான் எரிபொருள் பில் வருகிறது. புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் ஒரு பிணைப்புக்கு, ஒரு மோல் கணக்கில், சுமார் 21 கிலோஜூல் போதும். செல் செலவழிப்பது குறைந்தபட்சம் 4 பாஸ்பேட் பிணைப்புகள். அதாவது திட்ட நிலையில் 122 கிலோஜூல். அடாப்டரில் ஏற்ற 2, ரைபோசோமில் கோக்க 2. எஃபிஷியன்சி 17 சதவீதம்! எங்கள் நிலக்கரி நிலையமே இதைவிட இரண்டு மடங்கு தரும். கோடிக்கணக்கான வருடம் ஓடிய ஒரு இயந்திரம் இவ்வளவு மோசமாகவா இருக்கும் என்று முதலில் படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது.

விடை பாலிங் போட்ட ஒரு கணக்கில் தொடங்குகிறது. ஐசோலூசின், வேலின் என்று இரண்டு அமினோ அமிலங்கள். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரே ஒரு கார்பன் தொகுதிதான் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து, பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால், கிட்டத்தட்ட 20-ல் ஒன்று தப்பாகப் போகும் என்று பாலிங் 1950-களின் பிற்பகுதியில் மதிப்பிட்டார். ஆனால் அளந்து பார்த்தபோது 3,000-ல் ஒன்றுதான் தப்பு. அது எப்படி? 1974-ல் ஹாப்ஃபீல்டும், அவருக்குத் தெரியாமலே 1975-ல் பாரிஸில் நினியோவும் விளக்கம் சொன்னார்கள். செயற்கை நரம்பு வலைகளுக்காக 2024-ல் நோபல் வாங்கினாரே, அதே ஹாப்ஃபீல்டுதான்.

கல்யாண மண்டப உதாரணத்தில் சொல்கிறேன். வாசலில் ஒருவர் பத்திரிகை பார்த்து உள்ளே விடுகிறார். 20-ல் ஒரு வேண்டாத ஆள் நுழைந்துவிடுகிறான். பந்தி வாசலில் இன்னொருவரை நிறுத்தினால் 400-ல் ஒருவன். ஆனால் ஒரு நிபந்தனை. பந்திக் கூடத்தின் பின்கதவு, அதாவது சமையல்கட்டு வழி, பூட்டியிருக்க வேண்டும். அது திறந்து கிடந்தால் முன்வாசலில் எத்தனை பேரை நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை. விரட்டப்பட்டவன் சுற்றிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுவான். மூலக்கூறு உலகத்தில் எந்தக் கதவும் பூட்டிக் கிடப்பதில்லை. முன்னால் போகும் எந்த வினையும் பின்னாலும் வரும். சமநிலையில் இருக்கும் ஒரு அமைப்பு, எத்தனை சோதனைச் சாவடி வைத்தாலும், பொருத்த வித்தியாசம் தரும் அந்த 20-ல் ஒன்றைத் தாண்டவே முடியாது. இது இரண்டாம் விதி போடும் வேலி. பின்கதவை அடைத்து வைக்க வேண்டுமானால், நடுவில் ஏ.டி.பி.யையோ ஜி.டி.பி.யையோ உடைத்து, திரும்பி வர முடியாத சரிவு ஒன்றை உண்டாக்க வேண்டும். அந்த உபரிச் செலவு வீண் அல்ல. பிழை திருத்துபவருக்குக் கொடுக்கும் சம்பளம் அது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு 2000, 2001-ல் இந்தப் பரிசோதனை நடக்கும் இடத்தையே அணு அணுவாகப் படம் எடுத்துக் காட்டியது. சொல்லும் அடாப்டரும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று ரைபோசோமின் மூன்று எழுத்துகள் தடவிப் பார்க்கின்றன. மூன்றெழுத்துச் சொல்லின் முதல் இரண்டில் கறார். மூன்றாவதில் கொஞ்சம் தாராளம். அதற்காக 2009-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அவர் டாக்டர் பட்டம் வாங்கியது பௌதிகத்தில்.

சம்பளத்தைக் கூட்டினால் பிழை குறையும். கூடவே வேகமும் குறையும். ஆகவே ஒவ்வொரு உயிரும் துல்லியம், வேகம், செலவு என்ற மூன்றுக்கும் நடுவில் ஒரு பேரம் முடித்து வைத்திருக்கிறது. போலியோ வைரஸின் எழுத்து நீளம் சுமார் 7,500. பிழை திருத்தும் ஆள் இல்லை. கொரோனா வைரஸுக்கோ சுமார் 30,000. அவ்வளவு நீளத்தை அந்தக் கைநடுக்கத்தோடு நகல் எடுத்தால் சில தலைமுறைகளில் அர்த்தமே கெட்டுவிடும். இந்த வரம்பை ஐகன் 1971-லேயே கணக்குப் போட்டிருந்தார். கொரோனா அதற்காகத் தனியாக ஒரு பிழை திருத்தும் புரதத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. வழக்கத்தைவிடத் துல்லியமாக நகல் எடுக்கும் போலியோ வைரஸ் எலிகளின் உடம்பில் சோபிக்கவில்லை என்று 2005, 2006-ல் ஆய்வுகள் வந்தன. பிழையே விடாதவன் புதிய இடத்தில் பிழைக்க மாட்டான் போலிருக்கிறது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். என் பெரியப்பாவுக்கு 2009-ல் டி.பி. இரண்டாம் முறையாக வந்தது. அப்போதிருந்த மறு சிகிச்சைத் திட்டத்தில் முதல் இரண்டு மாதம், வாரம் மூன்று தடவை, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. மொத்தம் 24 ஊசி. இப்படி இடைவெளி விட்டு, ஆள் பார்க்கக் கொடுக்கும் முறையில் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாரம் இரு முறை ஊசியும் மாத்திரையும் கொடுத்து 1964-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் உலகம் முழுக்கப் போயின. நான் லீவில் வந்தால் பெரியப்பாவை சைக்கிளில் வைத்து ஊசிக்குக் கூட்டிப் போவேன். "என்னமோ படிக்கிறியே தம்பி, இந்த ஊசி உள்ள போய் என்னதான் பண்ணுதுன்னு சொல்லேன்" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கிருமியைக் கொல்லும் பெரியப்பா என்றேன். "அதான் எனக்கே தெரியுமே" என்றார். பயாலஜி எனக்குத் திரும்பி வந்தது அப்படித்தான்.

ஊசி உள்ளே போய் என்ன பண்ணுகிறது? கிருமியின் ரைபோசோமில், அந்தப் பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, பரிசோதகரைத் தளர்த்திவிடுகிறது. தப்பான அடாப்டருக்கும் 'சரி, போ' என்று வழிவிட்டுவிடுகிறார். 1964-ல் டேவிஸ், கில்பர்ட், கோரினி மூவரும் நிரன்பர்க்கின் அதே 'யு யு யு' நாடாவை வைத்துக் காட்டினார்கள்: ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்தால் ஃபினைல் அலனின் வர வேண்டிய இடத்தில் ஐசோலூசின் வருகிறது. கிருமி தன் எழுத்தைத் தானே தப்பாகப் படிக்கிறது. எரிபொருளைச் செலவழித்துக் குப்பைப் புரதம் செய்கிறது. ஒயரை அறுக்காமல் டிரான்ஸ்மிட்டரின் கேலிப்ரேஷனைக் கெடுத்த மாதிரி. கன்ட்ரோல் ரூம்காரனுக்கு இதைவிடப் பயங்கரம் வேறு கிடையாது.

இந்த மருந்தின் முதல் பெரிய சோதனை பிரிட்டனில் நடந்து 1948-ல் வெளியானது. நோயாளிகள் தேறினார்கள், ஆனால் பெரும்பாலோரிடம் மருந்துக்கு மசியாத கிருமி சில மாதங்களிலேயே எழுந்துவிட்டது. எப்படித் தப்பித்தது? பரிசோதனை இடத்தின் பக்கத்தில் எஸ்-12 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதில் சில மாற்றங்கள் பரிசோதகரை வழக்கத்தைவிடக் கறாராக்கிவிடுகின்றன. மருந்து தளர்த்தினாலும் தாங்கும். ஆனால் மருந்து இல்லாத நாளில் அந்தக் கறார் வினையாகிறது. சுவீடனின் உப்சாலாவில் குர்லண்ட் குழுவினர் 1980-களில் ஈ.கோலி பாக்டீரியாவில் அளந்தார்கள்: அதிதுல்லிய ரைபோசோம் சரியான அடாப்டரைக்கூட நிராகரிக்கிறது, ஒவ்வொரு பிணைப்புக்கும் அதிக ஜி.டி.பி. எரிக்கிறது, வளர்ச்சி மந்தமாகிறது. சில வகைகள் இன்னும் விசித்திரம். ஸ்ட்ரெப்டோமைசின் இல்லாமல் அவற்றால் வளரவே முடியாது. கொல்ல வந்த விஷம், கறாரைக் கொஞ்சம் தளர்த்துவதால், மருந்தாகிவிடுகிறது! துல்லியமும் செலவும் ஒரே நாணயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. இந்த வகை மருந்துகள் உட்காதைத் தாக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் அதிகமாகத் தாக்குவது உடம்பின் சமநிலையை. நம் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தவை; அவற்றின் ரைபோசோம் இன்னும் பழைய ஜாடையிலேயே இருக்கிறது. அந்த ரைபோசோமின் எழுத்தில் 1555-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பவர்களுக்கு, ஜாடை இன்னும் நெருங்கிவிடுகிறது. அவர்களுக்கு இந்த ஊசிகளால் காது கேளாமை எளிதில் வரும் என்று 1993-ல் கண்டார்கள். பெரியப்பாவுக்கு அந்த எழுத்து எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பழைய மறு சிகிச்சைத் திட்டத்தை இனிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மருந்து மசியுமா என்று சோதித்துப் பார்த்துக் கொடுக்கச் சொன்னது.

கடைசியாக ஒன்று. மசியாத கிருமிகள் மந்தமாக வளரும் என்றால், மருந்தை நிறுத்திவிட்டால் சாதாரணக் கிருமியிடம் அவை தோற்றுப்போய்விட வேண்டும் அல்லவா? ரொம்ப நாள் அப்படி நம்பினார்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளைப் பார்த்தால், எஸ்-12-ல் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் 43-ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் ஆர்ஜினின். நடு எழுத்து ஏ என்பது ஜி ஆகியிருக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றம் மட்டும் கறாரைக் கூட்டுவதில்லை, வேகத்தையும் ஏறக்குறையக் குறைப்பதில்லை. மருந்துக்கும் மசிவதில்லை. சோதனைக்கூடத்தில் செலவு பிடிக்கும் மாற்றங்கள் பல வகை கிடைக்கின்றன. ஆஸ்பத்திரியில் செலவில்லாத இந்த ஒன்றுதான் நிற்கிறது. எரிபொருள் பில்லை யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை. பில் அதிகமானவை பின்தங்கின, இது தங்கிவிட்டது. மருந்தை நிறுத்தினாலும் போகாது.

சமையல்காரர் கதவருகில் வந்து நிற்கிறார். கேள்விகள் இருந்தால் பந்தியில் என் பக்கத்து இலைக்கு வாருங்கள்.